ஏர்பேக் வெஸ்ட்டை விமானத்தில் விடுவார்களா?

கேட்டவர் அடுத்த மாதம் சென்னையிலிருந்து கோலாலம்பூர் போய், அங்கே செபாங் பந்தயத் தடத்தில் இரண்டு நாள் டிராக் டே (போட்டி இல்லாமல் தடத்தில் பைக் ஓட்டும் நாள்) ஓட்டப் போகிறார். கையில் ஹெல்மெட், முழு லெதர் சூட், பூட்ஸ், கையுறை, போதாக்குறைக்குப் புதிதாக வாங்கிய ஏர்பேக் வெஸ்ட், அதாவது பைக்கிலிருந்து விழும்போது தானாக ஊதி உடம்பைக் காக்கும் மேல்சட்டை. "இதையெல்லாம் ஃப்ளைட்டில் எப்படிக் கொண்டுபோவது?" என்று பொதுவாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் எழுதியிருப்பதை முழுசாகப் படித்தால் உண்மையில் உறுத்துவது இரண்டே விஷயம் என்று தெரிகிறது. வெஸ்ட்டுக்குள் இருக்கும் கேஸ் சிலிண்டரைப் பார்த்ததும் செக்யூரிட்டியில் பிடுங்கிவிடுவார்களா? லக்கேஜில் போட்டால் ஹெல்மெட் வீணாகிவிடுமா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

நான் பன்னிரண்டு வருடமாக சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பைக் ஓட்டுகிறேன். இப்போது ஓட்டுவது குறைந்துபோய், புதுப் பையன்களுக்குப் பிட்டில், அதாவது தடத்தோரம் வண்டியைத் தயார்படுத்தும் இடத்தில், கூடமாட நிற்பதுதான் அதிகம். கோவை கரி டிராக்குக்கு ரயிலில்தான் போவோம். கிரேட்டர் நொய்டாவின் புத் டிராக்குக்கும் செபாங்குக்கும் இந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு பலமுறை விமானம் ஏறியிருக்கிறேன். விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவன் கிடையாது. விதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அன்றைக்கு கவுண்டரில் நிற்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதற்கு நான் ஜாமீன் கொடுக்க முடியாது.

முதலில் ஹெல்மெட். கையோடு கொண்டுபோங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அதற்குப் பலரும் சொல்லும் காரணம் தப்பு. கீழே சரக்கு அறையில் குளிரும் அழுத்தமும் ஹெல்மெட்டைக் கெடுத்துவிடும் என்பார்கள். சரக்கு அறையில் இருப்பதும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபினில் உள்ள அதே காற்றழுத்தம்தான். எக்ஸ்ரேயாலும் ஒன்றும் ஆகாது. யோசித்துப் பாருங்கள், ஜப்பானிலோ இத்தாலியிலோ செய்த ஹெல்மெட் சரக்காகத்தானே இங்கே வந்து சேர்ந்தது? என்ன, அது அட்டைப்பெட்டிக்குள் அணைப்போடு வந்தது, அதன் தலையில் யாருடைய 23 கிலோ சூட்கேஸும் விழவில்லை. ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது நம்ம ஊர் பாஷையில் தெர்மாகோல். அது ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது, அப்படி நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது. காலி ஹெல்மெட் கைதவறி ஒருமுறை கீழே விழுந்தால் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் ஆகாது. உள்ளே தலையின் எடை இருக்கும்போது அடிபட்டால்தான் அந்தத் தெர்மாகோல் அமுங்கும். ஸ்னெல் போன்ற தரச்சான்று அமைப்புகளே இதைச் சொல்கின்றன. அதனால் "ஒருமுறை விழுந்தால் குப்பையில் போடு" என்று பயமுறுத்துகிறவர்களை நம்பிப் பதற வேண்டாம். லக்கேஜில் உடைவது வேறு இடம்: முகத்துக்கு முன்னால் வரும் கண்ணாடியான வைசரை மாட்டும் பக்கவாட்டு பிளாஸ்டிக் தகடு, பின்பக்க ஸ்பாய்லர், காற்றுத் துளை மூடிகள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருமுறை கை நிறைய சாமான் என்று ஹெல்மெட்டை டஃபிள் பேக்கில், லெதர் சூட்டுக்கு நடுவில் சுற்றி வைத்து செக்-இன் போட்டுவிட்டேன். இறங்கிப் பார்த்தபோது பார்வைக்கு ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் காலை ஸ்க்ரூட்டினியில், அதாவது தடத்தில் இறங்கும் முன் நடக்கும் கியர் சோதனையில், ஆய்வாளர் வைசரைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். இடதுபக்கம் மட்டும் டக்கென்று உட்காராமல் அரை மில்லிமீட்டர் தள்ளியே நின்றது. உள்ளே அந்தத் தகட்டில் மயிரிழை விரிசல். 200 கிலோமீட்டர் வேகத்தில் வைசர் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று அவர் என்னிடம் விளக்கவில்லை, தேறியதற்கான ஸ்டிக்கர் ஒட்டாமல் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். அன்று காலை செஷன் போச்சு. மதியம் ஒருவரிடம் கடன் வாங்கிய தகட்டை மாட்டித்தான் ஓட்டினேன்.

கையில் கொண்டுபோவதில் சிக்கல் கணக்குதான். நம் ஊரில் எகானமி டிக்கெட்டுக்குப் பொதுவாக ஒரே ஒரு கைப்பை, 7 கிலோ. அந்த ஒரு பைக்கு மேல் விதிவிலக்காக விடும் பட்டியலில் பெண்களின் கைப்பை, குடை மாதிரிச் சில இருக்கின்றன, ஹெல்மெட் அதில் இல்லை. பல தடவை தனியாகத் தொங்கவிட்டுக்கொண்டு போனபோதும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அது அவர்கள் தயவு, நம் உரிமை கிடையாது. அதனால் ஹெல்மெட் உள்ளே போகிற மாதிரி ஒரு மெத்தென்ற பேக்பேக் வாங்கிவிடுங்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் சுமார் 35 சென்டிமீட்டர் நீளம், 26, 27 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் வரும். கேபின் பை அளவோ பல இடங்களில் 55, 35, 25. ஒரு சுற்று இடிக்கும்தான், மெத்தென்ற பை என்றால் யாரும் அளவுகோல் எடுப்பதில்லை. ஹெல்மெட்டுக்குள் பாலகிளாவா (உள்ளே போடும் துணி முகமூடி), டி-ஷர்ட் திணிக்கலாம், விரல் முட்டியில் கார்பன் வைத்த கையுறையைத் திணிக்காதீர்கள். மேலே லக்கேஜ் அறையில் வைத்தால் கடைசியில் வருகிற ஆள் தன் டிராலியைக் காலால் உதைப்பதுபோல் உள்ளே தள்ளுவார், ஆகவே முன் சீட்டுக்கு அடியில் நுழைந்தால் அங்கேயே வையுங்கள். தலையிலேயே மாட்டிக்கொண்டு ஏறலாமா என்று ஒரு பையன் நிஜமாகவே என்னிடம் கேட்டான். பதில் வேண்டுமா?

சரி, வெஸ்ட். 2018-லிருந்து உலக பைக் பந்தயப் பிரிவுகளான மோட்டோஜிபி, மோட்டோ2, மோட்டோ3 மூன்றிலும் ஏர்பேக் கட்டாயம், அதற்குப் பிறகுதான் நம் ஆட்களும் வாங்க ஆரம்பித்தார்கள். உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் அபாயப் பொருள் விதிகளில் பயணிகள் எதையெல்லாம் கொண்டுபோகலாம் என்று ஓர் அட்டவணை இருக்கிறது, 2.3.ஏ என்று பெயர். அதன்படி உடலில் அணியும், தானாக ஊதிக்கொள்ளும் பாதுகாப்புச் சாதனத்தில் எரியாத, விஷமில்லாத வாயு அடைத்த சிறிய கேட்ரிட்ஜ் இரண்டு வரை பொருத்தி இருக்கலாம், உபரியாக இன்னும் இரண்டு வைத்திருக்கலாம். கார்பன் டை ஆக்ஸைடும் ஆர்கானும் இந்த வகைக்குள் வந்துவிடும். கையிலும் கொண்டுபோகலாம், செக்-இன்னிலும் போடலாம். அப்படியானால் கவலையே இல்லையே என்று தோன்றும். அந்த வரியிலேயே இன்னொரு கட்டம் இருக்கிறது: விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். நம் ஆட்கள் அத்தனை பேரும் தடுக்கி விழுவது அந்தக் கட்டத்தில்தான். விதி அனுமதிக்கிறது என்று பிரிண்ட் அவுட்டைக் காட்டுவார்கள், ஒப்புதல் கடிதம் எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். நானும் முழித்திருக்கிறேன். ஒரு விமான நிலையத்தில் வெஸ்ட்டை அப்படியே கைப்பையில் வைத்துக்கொண்டு போய், எக்ஸ்ரே திரையில் சின்ன சிலிண்டர் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். அங்கே நின்ற அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "இது லைஃப் ஜாக்கெட் மாதிரிதான் சார்" என்றேன். "கடலுக்கா போறீங்க?" என்றார். கேட்ரிட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் வெஸ்ட்டோடு ஏறினேன். தப்பு என்னுடையதுதான், கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

உங்கள் வெஸ்ட் எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை, பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. பைக்கில் கயிறு மாட்டி, நாம் தூக்கி எறியப்படும்போது கயிறு இழுத்து ஊதுகிற வகை என்றால் வேலை சுலபம். உள்ளே இருப்பது ஒரு ஊசி, ஒரு ஸ்பிரிங், ஒரு கார்பன் டை ஆக்ஸைடு கேட்ரிட்ஜ், வேறொன்றும் இல்லை. கேட்ரிட்ஜைத் திருகிக் கழற்றி, கழுத்துப் பக்கம் மூடி போட்டுத் தனியாக வைத்துவிடலாம். சென்சார், பேட்டரி, கணிப்பொறி எல்லாம் வைத்த எலக்ட்ரானிக் வகை என்றால்தான் தலைவலி. அதில் பல மாடல்களில் வாயுவைத் திறந்துவிடுவது மின்சாரத்தால் பற்றும் ஒரு நுண்ணிய வெடிமருந்துத் திரி. பனிச்சரிவில் மாட்டுகிறவர்கள் அணியும் மீட்புப் பைக்கு அதே அட்டவணையில் தனி வரி இருக்கிறது, அதில் 200 மில்லிகிராம் வரை இப்படிப்பட்ட தூண்டு மருந்து இருக்கலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நம் வெஸ்ட்டுக்கு வருகிற வரியில் அப்படி எதுவும் சொல்லவில்லை. அதனால் ஒரு நிறுவனம் சரி என்கிறது, இன்னொன்று முடியாது என்கிறது, இரண்டுமே தப்பில்லை. இந்த இடத்தில் யாராவது "ஒன்றும் ஆகாது, தாராளமாகக் கொண்டு போ" என்று சொன்னால் அது அவருடைய அதிர்ஷ்டம் பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக் வகையில் இன்னொரு இழுபறியும் உண்டு. லித்தியம் பேட்டரி கையில் இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம், சிலிண்டர் கையில் இருந்தால் செக்யூரிட்டி முகம் சுளிக்கும் என்று இன்னொரு பக்கம். கழற்றக்கூடிய பெட்டியாகப் பேட்டரி வருகிற மாடல் என்றால் பெட்டியைக் கைப்பையிலும் வெஸ்ட்டை செக்-இன்னிலும் போட்டு இரண்டு பேரையும் சமாதானப்படுத்தலாம். கழற்ற முடியாத மாடலை செக்-இன்னில் போட்டே ஆக வேண்டும் என்றால் முழுதாக அணைத்து, வழியில் தானாக ஆன் ஆகாதபடி வைக்க வேண்டும். ஒவ்வொரு மாடலும் ஆன் ஆகும் விதம் வேறு, சிலவற்றில் முன்பக்கத்தை மூடினாலே உயிர் வந்துவிடும். கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதை மாட்டிக்கொண்டு விமானத்தில் உட்காராதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: டிக்கெட் போட்ட கையோடு விமான நிறுவனத்துக்கு மெயில். போனில் கேட்டு, சரி என்று சொன்னதை நம்பிப் போகாதீர்கள். போனில் பேசியவர் கவுண்டருக்கு வரமாட்டார். வெஸ்ட்டின் பெயர், மாடல், வாயு எது, கேட்ரிட்ஜ் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை கிராம், எப்படித் தூண்டப்படுகிறது, பேட்டரி எத்தனை வாட்-அவர், இவ்வளவையும் எழுதி, தயாரிப்பாளர் தளத்தில் விமானப் பயணத்துக்கென்று கடிதம் இருந்தால் அதையும் பாதுகாப்புத் தரவுத் தாளையும் இணைத்து அனுப்புங்கள். அபாயப் பொருள் பிரிவைச் சுற்றி வர நேரம் எடுக்கும், மூன்று வாரமாவது முன்னால் அனுப்பினால் நல்லது. திரும்பி வருவது வேறு நிறுவனம் என்றால் அவர்களுக்கும் தனி மெயில். பதில் வந்ததும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கையில், ஒன்று வெஸ்ட் இருக்கும் பைக்குள் மேலாக, ஒன்று போனில். செக்-இன் பையில் போட்டால் கவுண்டரில் வாயைத் திறந்து சொல்லுங்கள், பிறகு எக்ஸ்ரேயில் பார்த்து உங்களைத் தேடிக் கூப்பிடுவதைவிட அது மேல்.

பதில் வரவில்லை, அல்லது முடியாது என்கிறார்கள் என்றால் கேட்ரிட்ஜை வீட்டில் வைத்துவிட்டு, அங்கே போய் வாங்க ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் மாடலுக்கு உரிய கேட்ரிட்ஜ் அங்கே கிடைக்குமா என்று டிராக் டே நடத்துகிறவர்களிடமே முன்கூட்டிக் கேளுங்கள். மரை பொருந்துகிறது என்பதற்காக சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் கேட்ரிட்ஜை மாட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். வாயு அளவு குறைந்தால் பை பாதி ஊதி நிற்கும், பாதி ஊதிய ஏர்பேக் இல்லாததைவிட மோசம், ஏனென்றால் இருக்கிறது என்று நம்பி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மற்றதெல்லாம் செக்-இன். லெதர் சூட் நாலு, ஐந்து கிலோ, பூட்ஸ் இரண்டு கிலோ, முதுகுக் கவசம், கையுறை, உபரி வைசர் எல்லாம் சேர்த்தால் பையின் எடையைச் சேர்க்கும் முன்பே பத்துக் கிலோவை நெருங்கிவிடும். மலிவு டிக்கெட்டில் செக்-இன் லக்கேஜே சேர்ந்திருக்காது, கவுண்டரில் கட்டுவதைவிட முன்கூட்டி ஆன்லைனில் கட்டினால் காசு மிச்சம். எடை குறைக்கிறேன் என்று ரேஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனேன் ஒருதரம். செக்யூரிட்டியில் கழற்றச் சொன்னார்கள். அதைக் கழற்றி மாட்ட எனக்குப் பத்து நிமிடம், பின்னால் வரிசை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இன்டர்காம், ஆக்‌ஷன் கேமரா, லேப் டைமர், சுற்று நேரத்தைப் பதிய பைக்கில் மாட்டும் டிரான்ஸ்பாண்டர் எல்லாவற்றிலும் லித்தியம் பேட்டரிதான். சாதனங்களைக் கைப்பையில் வையுங்கள், உபரி பேட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பையில் மட்டும்தான் போகலாம். 100 வாட்-அவர் வரை பொதுவாக ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை, பவர் பேங்க் கணக்கில் அது சுமார் 27,000 எம்ஏஎச். அலன் கீ, ஸ்க்ரூ டிரைவர் மாதிரி டூல்ஸ் எல்லாம் செக்-இன்னுக்கு. செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே இரண்டும் எரியும் வகை, எந்தப் பையிலும் கூடாது, அங்கே வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் பெட்ரோல் வாடை. இது பலர் யோசிக்காதது. பெட்ரோல் இருந்த கேன், காலியாக இருந்தாலும், கழுவியிருந்தாலும், வேண்டாம். பழைய கார்புரேட்டர், ஃப்யூயல் பம்ப் மாதிரி எதையும் "சும்மா உபரிக்கு" என்று போடாதீர்கள். பிட்டில் பெட்ரோல் சிந்திய டஃபிள் பேக்கையே அப்படியே கொண்டுபோனால் கவுண்டரில் மூக்குக்கு எட்டிவிடும், பிறகு உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். நான் பயணத்துக்கென்று தனிப் பை வைத்திருக்கிறேன், அது டிராக்கில் தரையைத் தொடாது.

கார் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால் உங்களுக்கு வேலை குறைவு. தீயைத் தாங்கும் நோமெக்ஸ் துணியில் தைத்த சூட், உள்ளாடை, ஷூ எல்லாம் வெறும் துணிமணி. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியை ஹெல்மெட்டோடு கையில் கொண்டுபோங்கள், திரையில் விநோதமாகத் தெரியும், எடுத்துக் காட்டினால் விட்டுவிடுவார்கள். அதை ஹெல்மெட்டுக்குள் திணித்து வைக்காதீர்கள். தீயணைப்பு சிலிண்டர் மட்டும் பயணிகள் லக்கேஜில் எங்கேயும் போகாது, சரக்காகத்தான் அனுப்ப வேண்டும்.

லக்கேஜ் அடிபட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் புகார் எழுதி, அதன் நகலை வாங்கிவிடுங்கள். நீங்கள் போவது, விமானப் பயண இழப்பீட்டுக்கான மாண்ட்ரீல் ஒப்பந்தத்துக்குள் வரும் சர்வதேசப் பயணம். சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தாமதத்துக்கு 21 நாள். 2024 டிசம்பர் கடைசியிலிருந்து இழப்பீட்டின் உச்ச வரம்பு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். அது உச்சம்தான், சூட்டின் பில் இல்லாமல் அதில் கால்வாசிகூடக் கேட்க முடியாது. பை வரவே இல்லை என்றால்? சூட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள். இன்னொருவர் வேர்வை ஊறிய சூட்டைச் சகித்துக்கொள்ளலாம், இன்னொருவர் தலைக்கு இறுகிய ஹெல்மெட் உங்களுக்குச் சரியாக உட்காராது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

கியர் புதுசு என்கிறீர்கள், அதனால் ஒன்று. போகும்போதே சென்னையில் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் எழுதி வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது மினுமினுக்கிற வெஸ்ட்டைப் பார்த்து அங்கே வாங்கியதா என்று கேட்டால் அதைக் காட்டலாம். இதற்கு அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது இன்னும் இரண்டு. அங்கே விழுந்து வெஸ்ட் ஊதிவிட்டால் காலி கேட்ரிட்ஜை அங்கேயே விட்டுவிடுங்கள். காலி என்று உங்களுக்குத் தெரியும், எக்ஸ்ரே திரைக்குத் தெரியாது. அப்புறம் சூட். செபாங் வெயிலில் இரண்டு நாள் ஓட்டினால் உள்துணி பிழிந்தால் சொட்டும். அதை அப்படியே மடித்துப் பையில் போட்டு, நாலு மணி நேரப் பயணம், பிறகு வீட்டில் ஒருநாள் திறக்காமல் கிடந்தால் பச்சைப் பூஞ்சை பூத்திருக்கும். கடைசி இரவு ஹோட்டல் அறையில் ஜிப்பைத் திறந்து, உட்பக்கம் வெளியே வருகிற மாதிரி அகலமான ஹேங்கரில் ஃபேனுக்கு நேரே மாட்டுங்கள், வெயிலில் வேண்டாம், தோல் விறைத்துவிடும். வெஸ்ட் மாடல் என்னவென்று எழுதுங்கள், கயிறா எலக்ட்ரானிக்கா என்று தெரிந்தால் மெயிலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நானே ஒரு வரைவு போட்டுத் தருகிறேன்.